முதல் பறிப்பு போன வீடு

பொன்மணியைப் பற்றி ஏற்கெனவே ஒரு தடவை பேப்பரில் வந்திருக்கிறது. படத்தோடு வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் நடுவில் நின்று சிரிக்கிறார். ஓரத்தில், இடுப்பில் ஒரு நார்ப்பெட்டியை அணைத்தபடி, பாதி முகம் வெட்டுப்பட்டு ஒரு பெண் நிற்கிறாள். அந்தப் பாதி முகம்தான் பொன்மணி. படத்துக்குக் கீழே ‘பயனாளிகளில் ஒருவர்’ என்று போட்டிருந்தார்கள். பேர்கூடப் போடவில்லை. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் மீதி முகத்தை நான் எழுதுகிறேன்.

நான் யார் என்று கேட்டால், கோவில்பட்டியில் எங்கள் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பொன்மணி வீட்டுக்கு மூன்றாவது வீடு எங்கள் வீடு. எனக்குப் பேச்சில் நிதானம் கிடையாது என்று என் வீட்டுக்காரியே சொல்வாள். இந்த விஷயத்தில் நிதானமாகப் பேசியவர்கள் எல்லாரும் முதலாளி பக்கம்தான் பேசினார்கள். ஆகவே எனக்கு அது வேண்டாம்.

பொன்மணி பிறந்தது நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில். மழை பெய்தால் உளுந்து, கம்பு, பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேல விறகு. அவள் பாவாடை கட்டிக்கொண்டிருந்த வயதில் விடியும் முன்பே ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். என்னவோ எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற மாதிரி! அந்த வண்டியில் தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள். பொன்மணியின் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. பிற்பாடு சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று கெடுபிடி வந்து வண்டி நின்றபோது, அவள் சின்னப் பிள்ளையாக இல்லை.

லோடு மேன் சாமித்துரைக்கு வாக்கப்பட்டுக் கோவில்பட்டிக்கு வந்தாள். ஊர் மாறியது, வேலை மாறவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் விஜயராஜ் முதலாளியின் ஆபீஸில் தீக்குச்சியைப் பெட்டியில் அடைக்கிற வேலை. வருஷக்கணக்காக அங்கேதான் இருந்தாள். அவள் முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் பேசினால்கூட, “விடுங்கண்ணாச்சி, அவிய ஆபீஸ் இருக்கப் போய்த்தான் நம்ம தெருவுல அடுப்பு எரியுது” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அது அவள் ஊர்ப் பழக்கம், எங்கள் எல்லாருக்குமே தெரிந்த பழக்கம்தான். ஆனால் அவள் அளவுக்கு யாரும் கறாராக இருக்க மாட்டோம். ஒரு வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டாள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கருவேப்பிலைக் கொத்தையாவது போட்டு அனுப்புவாள். கொடுத்த பாத்திரத்தைத் திருப்பித் தராதவர்களைப் பார்த்தால் அவளுக்கு மனசு ஆறாது. கிண்ணம் போனதற்கு இல்லை. கிண்ணம் வராவிட்டால் அது கொடுத்து வாங்கியதாக ஆகாது, பிச்சை போட்டதாக ஆகிவிடும் என்பாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கு வந்தது. ஆபீஸை மூடினார்கள். “தெறக்கச் சொன்னதும் சொல்லி அனுப்புதேன்” என்று முதலாளி ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டார். அத்தனை வருஷம் அவருக்குப் பெட்டி அடைத்த கைகளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். ரேஷனில் அரிசி கிடைத்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சோற்றில் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. மார்க்கெட் மூடல், தள்ளுவண்டிக்குத் தடை. ஊருக்கு வெளியே விளாத்திகுளம் ரோட்டில் தக்காளியை வாங்க ஆளில்லாமல் வெள்ளாமை போட்ட சம்சாரி குப்பையில் கொட்டுகிறான். ஊருக்குள்ளே பிள்ளைகள் வெறும் சோற்றில் உப்புப் போட்டுத் தின்கின்றன. நடுவில் ஒரு போலீஸ்காரர் லத்தியோடு நிற்கிறார். இந்த ஏற்பாட்டை எந்த மூளை யோசித்ததோ, நன்றாக இருக்கட்டும்.

ஒரு நாள் எதிர்வீட்டுக் காளீஸ்வரியின் சின்னப் பிள்ளை சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டுவிட்டது. வெறும் சோறு வேண்டாமாம். காளீஸ்வரி பிள்ளையை அடித்தாள், அடித்துவிட்டு அவளே அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொன்மணி எழுந்து முதலாளிக்குப் போன் போட்டாள். ஆபீஸுக்குப் பின்னால் மதில் சுவருக்குள் கருவேலம் மண்டிக் கிடக்கிற காலி மனையில் தெருக்காரர்கள் நாலு காய்கறி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“சும்மாதானே கெடக்கு, போட்டுக்கோ” என்றார் முதலாளி. “வெட்டுத மரத்தை மட்டும் அப்படியே அடுக்கி வச்சிரு. மூட்டக்காரன் வந்து அள்ளிக்கிடுவான்.”

கவனித்தீர்களா? கரிமூட்டம் போடுகிறவனுக்கு மரத்தை விற்ற காசு அவருக்கு, முள் குத்திய கை எங்களுக்கு. பொன்மணி அதைக் கூடக் கவனிக்கவில்லை. “பாத்தீயளா அண்ணாச்சி, ஒரு வார்த்தை கேட்டதும் சரின்னுட்டாவ” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

தெருவில் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த பெண்கள் எல்லாரும் அரிவாளும் மண்வெட்டியுமாகக் கிளம்பினார்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்கினார்கள். உள்ளே நல்ல கரிசல். கீரை, வெண்டை, கத்தரி, சீனியவரை, ஓரத்தில் பூசணி என்று பாத்தி பிரித்தார்கள். விதை பொன்மணியின் பிறந்த ஊரிலிருந்து பால் வண்டியில் வந்தது. எல்லாம் சரி, தண்ணீர்? எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் திருநாள் மாதிரி. குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் தெருவே அடிக்க வரும்.

அதற்கு அவள்தான் வழி சொன்னாள். ஒரு வேலைக்குப் பயன்பட்ட தண்ணீர்தான் தோட்டத்துக்கு. அரிசி களைந்தது, காய் கழுவியது, பிள்ளைகளைக் குளிப்பாட்டியது. சோப்புப் போட்டதைப் பூசணிக்கு மட்டும் ஊற்றலாம். வீட்டுக்கு ஒரு குடம், தினமும் வெயில் தாழ்ந்ததும் கொண்டுவந்து பாத்தியில் ஊற்ற வேண்டும். அதுதான் சந்தா, அதுதான் பங்கு, அதுதான் எல்லாம். குடம் தூக்க முடியாத வீட்டுக்குப் பக்கத்து வீடு தூக்கும். பறிக்கிற அன்றைக்கு யாருக்கு எவ்வளவு என்று யாரும் நிறுக்கவில்லை. அடுப்புக்குத் தேவையானதை எடுத்துக்கொள், அவ்வளவுதான். இது ஒரு வாரத்தில் சண்டையில் முடியும் என்று நான் நினைத்தேன். சண்டை வரத்தான் செய்தது, ஆனால் காய்க்காக இல்லை. என் வீட்டுக்காரி வெண்டைக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று காளீஸ்வரி போட்ட சண்டைதான் பெரிய சண்டை.

வெண்டை முதல் பறிப்புக்கு வந்தது. எங்கள் பக்கம் தோட்டம் போட்டால் முதல் பறிப்பைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வீட்டில் உலை வைப்பார்கள். ஆனால் அப்போது கோயிலே பூட்டிக் கிடந்தது. செண்பகவல்லி அம்மன் கோயில் வாசலில் தடுப்பு. தெருமுனைப் பிள்ளையாருக்குக்கூடக் கம்பிக் கதவு. முதல் பறிப்பை என்ன செய்வது? பொன்மணி யோசித்தாள். யோசித்து அவள் எடுத்த முடிவை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

“சாமி இல்லாத நேரத்துல, மண்ணு குடுத்த மகராசனுக்குக் குடுக்கிறதுதானே மொறை” என்றாள்.

அவள் அம்மா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த நார்ப்பெட்டி ஒன்று இருந்தது. பனை நாரில் முடைந்து விளிம்பில் சிவப்புச் சாயம் ஏற்றியது. அது நிறைய வெண்டையும் கீரையும் அடுக்கி, இடுப்பில் வைத்து முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போனாள். முதலாளி வாசலுக்கு வந்தார். பெட்டியோடு அவளை நிற்க வைத்துப் பக்கத்தில் தானும் நின்று செல்போனில் படம் எடுக்கச் சொன்னார். பெட்டியை உள்ளே வாங்கி வைத்தார்கள். பொன்மணி வெளியே காத்து நின்றாள். பெட்டி திரும்பி வரவில்லை. “மறந்துட்டாவ போல. நாளைக்குக் குடுத்து விடுவாவ” என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு வந்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகச் சொன்னால் நான் கெட்ட வார்த்தை பேசிவிடுவேன். படம் வாட்ஸ்அப்பில் ‘எங்கள் தோட்டத்து முதல் விளைச்சல்’ என்று சுற்றியது. பொன்மணியைப் பாதி வெட்டிய அதே படம்தான் பேப்பரிலும் வந்தது. ஊரில் நாலு பேர் முதலாளியைப் பாராட்டினார்கள். வாரம் ஒரு தடவை அவர் கார் வந்து, இல்லாதவர்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று மிச்சக் காயை வாங்கிப் போயிற்று. இல்லாதவர்களுக்குத்தானே என்று பொன்மணி அள்ளிக் கொடுத்தாள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள் வாட்ச்மேன் ஜெயபாண்டி வந்து தெருவில் வீடு வீடாக ஒரு டோக்கன் கொடுத்தான். ஜெயபாண்டியும் எங்கள் தெருக்காரன்தான், பாவம், சொன்னதைச் செய்கிறவன்.

“நாளைச் சாயங்காலம் தோட்டத்துல விழாவாம். ஏதோ சங்கத்துல மொதலாளிக்குப் பட்டம் குடுக்காவளாம். டோக்கன் கொண்டாந்தா ஆளுக்கு ஒரு பை காய்கறி தருவாவளாம்” என்றான்.

“என்ன காய்கறி?” என்று கேட்டேன்.

“நம்ம தோட்டத்துக் காய்தான் அண்ணாச்சி. காலையில பறிச்சி பைக்குள்ள போடச் சொல்லிருக்காவ.”

பையைக் காட்டினான். நெய்த பிளாஸ்டிக் பை, பக்கத்துக்கு ஒரு முகம் வீதம் இரண்டு பக்கமும் விஜயராஜ் முதலாளி. கும்பிட்டுக்கொண்டு சிரிக்கிறார். அவர் முகத்துக்குக் கீழே ‘பசிப்பிணி போக்கும் வள்ளல்’ என்று அச்சடித்திருந்தது. நாங்கள் குளித்த தண்ணீரில் விளைந்த வெண்டைக்காயை, நாங்களே வரிசையில் நின்று, அவர் கையால் வாங்கிக் கும்பிட்டு, படம் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டுவிட்டு நிதானமாக இருக்கிறவனை நான் மனுஷனாகவே மதிக்க மாட்டேன்.

பொன்மணி அப்போதும் கத்தவில்லை. நேரே ஆபீஸுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

“மொதலாளி, காய் நாங்க போட்டது. பை வேண்டாம். எப்பவும் போல எடுத்துக்கிடுதோம். ஊருக்குக் குடுக்கணும்னா இன்னொரு பறிப்பு பறிச்சித் தாரோம்” என்றாள்.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எடம் யாரு எடம்?” என்றார்.

“உங்க எடந்தான்.”

“மொதப் பறிப்பு யாரு வீட்டுக்கு வந்துச்சி? நான் கேட்டனா? நீயாத்தானே கொண்டாந்து குடுத்த? என் தோட்டம்னு தெரிஞ்சிதானே குடுத்த? இப்ப என்ன நாங்க போட்டதுங்க? போ, நாளைக்கு நல்ல சேலையா உடுத்திட்டு வா, மொத டோக்கன் உனக்குத்தான்.”

பொன்மணி முகத்தில் அப்போதுதான் அடி விழுந்ததைப் பார்த்தேன். சாமிக்கு வைக்க வேண்டியதை மனுஷனுக்கு வைத்தாள். அவர் அதைக் குத்தகைக்காரன் அளக்கிற வாரமாக எடுத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் பொன்மணி வீட்டு வாசலில் நின்று தெருப் பெண்களிடம் சொன்னாள்.

“நாளைக்கும் தண்ணி ஊத்துத நேரத்துக்கு எல்லாரும் குடத்தோட வாங்க. ஒரு வீடு பாக்கி இருக்கப்படாது.”

மறுநாள் தோட்டத்துக்குள் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கே? சீனியவரை விதைத்து முளைவிட்டிருந்த பாத்தி மேல். இரண்டு இலை விட்ட கன்றுகள் மேல் நாற்காலிகளை வரிசையாகப் பரப்பி, சிவப்பு விரிப்புப் போட்டு, வெள்ளைச் சட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று சொல்லி ஒரு சாவு வீட்டில் எங்களை விரட்டிய ஆட்களும் அதில் இருந்தார்கள். மைக்கில் ஒருவர் வள்ளல் வள்ளல் என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தது. எங்கள் தெருப் பெண்கள் வரிசையாகக் குடத்தோடு உள்ளே வந்தார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. டோக்கனுக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து மைக் பிடித்தவர் “தாய்மார்களே வருக” என்றார். அவரவர் தினமும் ஊற்றுகிற பாத்திக்குப் போய், நாற்காலிக் காலுக்கு இடையில், விரிப்புக்கு மேல், குடத்தைச் சாய்த்தார்கள். வீட்டுக்கு ஒரு குடம்தான். ஆனால் அன்றைக்கு ஒரு வீடும் பாக்கியில்லை. ஊற்றிவிட்டுப் போய் மறுபடியும் நிறைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. என் வீட்டுக்காரி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்குக் காளீஸ்வரி ஒன்றும் சொல்லவில்லை.

கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பசையாகிவிடும். கால் வைத்தால் செருப்பை விடாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எங்கள் ஊர்களில் மழைக்காலத்தில் நடப்பார்கள். நாற்காலிகள் ஒரு பக்கமாக இறங்கின. பட்டம் கொடுக்க வந்தவர் எழுந்தார், பூட்ஸ் எழவில்லை. முதலாளி மேடையிலிருந்து இறங்கி ஓர் அடி வைத்தார், இரண்டாவது அடிக்கு வெறுங்காலோடு வந்தார். வெள்ளை வேட்டியில் முழங்கால் வரை கரிசல்.

“ஏட்டி, என்ன பண்ணுதீங்க?” என்று கத்தினார்.

“செடிக்குத் தண்ணி ஊத்துதோம் மொதலாளி. தெனமும் இந்த நேரத்துக்கு ஊத்துததுதான்” என்றாள் பொன்மணி. உண்மையைத்தான் சொன்னாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு ராத்திரிதான் இருந்தது.

விடிந்ததும் தோட்டத்துக் கதவில் புதுப் பூட்டு. உள்ளே வெண்டை பறிப்புக்கு நிற்கிறது, கத்தரி பூத்துக் கிடக்கிறது, பூசணிக் கொடி சுவரேறி எட்டிப் பார்க்கிறது. வெளியே குடத்தோடு நாங்கள் நிற்கிறோம். ஆபீஸைத் திறந்திருந்தார்கள், ஆனால் பாதிப் பேரைத்தான் எடுத்திருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் பலருக்கு இன்னும் வேலை இல்லை. அந்தத் தோட்டம்தான் குழம்பு, அந்தத் தோட்டம்தான் கூட்டு. ஜெயபாண்டி தலையைக் குனிந்தபடி வந்து பொன்மணியிடம் சேதி சொன்னான்.

“அவிய வீட்டுக்கு வந்து, தப்புப் பண்ணிட்டேன், இது உங்க தோட்டம், உங்களாலதான் எங்க தெரு பொழைச்சிதுன்னு செல்போன் முன்னால சொல்லிட்டீயன்னா, அன்னைக்கே தெறந்துருவாவளாம் அக்கா.”

அன்று முழுக்கத் தெருவில் இதே பேச்சு. சொன்னால் கதவு திறக்கும், சொல்லாவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் வெறும் சோறு. நான் போகாதே என்றேன். என் கடையில் ஏதோ நாலு காசு வருகிறது, நான் சொல்லலாம். காளீஸ்வரி அவள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“நாலு வார்த்தைதானேக்கா. சொல்லிட்டு வந்துரேன். நாக்கு என்ன தேஞ்சா போவும்? எம்பிள்ளை மூஞ்சியப் பாரு” என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“போறேன்” என்றாள் பொன்மணி.

நானும் ஜெயபாண்டியும் கூடப் போனோம். முதலாளி வீட்டு வராந்தாவில் செருப்பு கழற்றும் இடத்தில் அந்த நார்ப்பெட்டி இருந்தது. உள்ளே என்ன இருந்தது தெரியுமா? அந்த வீட்டுப் பிள்ளைகளின் பழைய செருப்புகள். சிவப்பு விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. பொன்மணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி வெளியே வந்தார். அவர் மகன் செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். “ம், சொல்லு” என்றார் முதலாளி.

“தப்புப் பண்ணிட்டேன்” என்றாள் பொன்மணி. முதலாளி தலையை ஆட்டினார்.

“சாமிக்கு வைக்க வேண்டிய மொதப் பறிப்பை உங்க வீட்டுல கொண்டாந்து வச்சது எந்தப்பு. என் பெட்டியக் குடுங்க அண்ணாச்சி.”

முதலாளி என்று கூப்பிட்ட வாய், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரை அண்ணாச்சி என்றது. மகன் செல்போனைத் தாழ்த்திவிட்டான். பெட்டியை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பொன்மணியே குனிந்து, செருப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து ஜோடி சேர்த்துத் தரையில் வைத்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தெருவில் யாரும் கைதட்டவில்லை. காளீஸ்வரி மண்ணை வாரித் தூற்றினாள். “உன் ரோசத்தை எம்பிள்ளைக்கு வடிச்சுப் போடு” என்று திட்டினாள். பொன்மணி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் வெண்டை முற்றிக் காய்ந்தது, ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கத்தரி கருகியது. அவருக்கு வேண்டாம், எங்களுக்கும் கிடையாது. இப்படி ஒரு மனசை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. விற்றால் நமக்கு எதற்கு?

பொன்மணியின் வீட்டுக்காரர் சாமித்துரை அதிகம் பேசாதவர். அவர்தான் ஒரு நாள் டிராக்டரில் மண்ணோடு வந்து இறங்கினார். பக்கத்தில் யாரோ வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். கரிசல் மேல் கட்டிடம் நிற்காது என்று அந்த மண்ணை எடுத்துக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். லோடு மேன்கள் சேர்ந்து அதை எங்கள் தெருவில் கொட்டினார்கள். பெயிண்ட் டப்பா, உடைந்த பிளாஸ்டிக் குடம், ஆபீஸில் கழித்துப் போட்ட பலகைப் பெட்டி, கிழிந்த சாக்கு என்று கிடைத்ததில் எல்லாம் மண் நிரப்பி வாசலுக்கு வாசல் வைத்தார்கள். விதைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு மேலே இருந்து ஏதோ வந்து விழுந்தது. காய்ந்த வெண்டை நெற்று. பின்னாலேயே இன்னொரு கட்டு. உள்ளே ஜெயபாண்டி நின்று எறிந்துகொண்டிருந்தான். முற்றிக் காய்ந்து வீணானதாக நான் திட்டிக்கொண்டிருந்த வெண்டை, விதையாக வந்தது.

எந்த வாசலில் இருக்கிற டப்பாவும் அந்த வீட்டுக்குச் சொந்தமில்லை என்பதுதான் பேச்சு. தண்ணீர் பழையபடி. பொன்மணி நார்ப்பெட்டியின் விளிம்பைக் கட்டிச் சரிசெய்து எங்கள் கடை வாசல் கம்பியில் தொங்கவிட்டாள். பறித்து மிஞ்சியவர்கள் அதில் போட வேண்டும், இல்லாதவர்கள் எடுக்க வேண்டும். முதல் பறிப்பைப் பெட்டியில் போட்டது யார் தெரியுமா, காளீஸ்வரி. போட்டுவிட்டுப் பொன்மணியைப் பார்க்காமல் போனாள். பிற்பாடு இருவரும் சோப்புத் தண்ணீர் விஷயமாகச் சண்டை போட்டபோதுதான் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

மறு வருஷம் இரண்டாவது அலை வந்தது. முந்தியதைவிட மோசம். ஆஸ்பத்திரியில் இடமில்லை, எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு. அந்த நேரத்தில் ஜெயபாண்டி வந்து, முதலாளி வீட்டில் எல்லாருக்கும் கொரோனா, சமையல்காரம்மா நின்றுவிட்டாள், சொந்தக்காரர்கள் தெருப் பக்கம்கூட வரவில்லை, உள்ளே பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு கிடக்கின்றன என்றான். பொன்மணி எழுந்து கம்பியிலிருந்து பெட்டியை எடுத்தாள். வெண்டை, கீரை, தக்காளி என்று நிரப்பினாள். என் வீட்டிலிருந்து ரசம் வாங்கி ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி வைத்தாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஒனக்குச் சூடு சொரணை இருக்கா பொன்மணி? செருப்புப் போட்டு வச்சிருந்தாம்லா அந்தப் பெட்டியில?” என்று நடுத்தெருவில் கத்தினேன். இப்போது கேட்டாலும் கத்துவேன். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

“அந்த வீட்டுப் பிள்ளைக்கும் பசிக்கும்லா அண்ணாச்சி” என்றாள். பிறகு ஜெயபாண்டியிடம் திரும்பி, “ஏலே, வாசல்ல வச்சிட்டு வந்துராத. பொன்மணி குடுத்து விட்டான்னு சொல்லு. நான் தானம் போடல, பாத்திரம் குடுத்து விடுதேன். பெட்டி திரும்பி வரணும், அதையும் சொல்லிரு” என்றாள்.

இந்தத் தடவை பெட்டி திரும்பி வந்தது. வெறும் பெட்டி இல்லை. உள்ளே அரிசி இருந்தது. அரிசியை எதில் போட்டு அனுப்பியிருந்தார்கள் என்றால், அன்றைக்கு விழாவில் கொடுக்காமல் மிஞ்சிப்போன அந்தப் பையில். இரண்டு பக்கமும் விஜயராஜ் முதலாளி கும்பிட்டுச் சிரிக்கிறார். சாகக் கிடந்து எழுந்த வீட்டில் வேறு ஒரு பை கிடைக்கவில்லை போலிருக்கிறது! காளீஸ்வரி அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியப் போனாள். நானும் எறி என்றேன். பொன்மணி விடவில்லை. அரிசியைப் பெட்டியில் கொட்டி, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று கம்பியில் மாட்டினாள். காலிப் பையை உதறிப் பார்த்தாள். நல்ல கெட்டிப் பை. அடியில் இரண்டு ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நாலு வெண்டை ஊன்றினாள்.

அந்தப் பை என் கடை வாசலில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் வள்ளலின் தலைக்கு மேல் காய் பறித்துக்கொண்டு போகிறார்கள். வெயிலில் சாயம் வெளுத்து, போன மாதம் அவர் கண்ணருகே ஒரு கிழிசல் விழுந்து வேர் வெளியே தெரிந்தது. பொன்மணி சாக்கு ஊசியும் சணலும் கொண்டுவந்து உட்கார்ந்து தைத்தாள். அவர் முகத்தை எதற்குத் தைக்கிறாய் என்று நான் எரிந்து விழுந்தேன்.

“மூஞ்சிய யாரு தைச்சா?” என்றாள். “மண்ணு சிந்துதுல்லா.”